வாழை இலைக்கு அடியில் நாலு காலண்டர் தாள்

1

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா மகன் வருஷா வருஷம் பனியைப் பற்றி எழுதுகிறான். துபாயில் இருக்கிற சகலை மணலைப் பற்றி எழுதுகிறார். நான் பிறந்த மண்ணை விட்டு அவ்வளவு தூரம் ஓட முடியாத சோம்பேறி. வள்ளியூரில் ரயில் ஏறி, மூன்று மணி நேரத்தில் திருவனந்தபுரத்தில் இறங்கி, "போதும்டா சாமி" என்று உட்கார்ந்தவன். எனக்குப் பனியும் இல்லை, மணலும் இல்லை. எனக்கு வாய்த்தது பால் கவர்.

கரமனைக்குக் குடிவந்து போன ஞாயிற்றுக்கிழமையோடு இருபத்திரண்டு வருஷம். சாலை பஜாரில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் மேலாளர் வேலை. என் மனைவி கோமதி காலையில் பாயசம் வைப்பதாகச் சொல்லியிருந்தாள். பாயசம் கொதிக்கிற நேரத்தில் எங்கள் சந்தின் முனையில் ஒரு கறுப்புப் பையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பை என்னுடையது. அது என்னைத் தவிர இன்னொருவனுக்கும் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். பாயசத்தைப் பற்றி எதிர்பார்த்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

குப்பை என்றால் ஊரில் உங்களுக்கெல்லாம் ஒரே ஒரு பொருள். இங்கே அது ஒரு படிப்பு. நான் இன்னும் முதல் வருஷமே தேறவில்லை.

மாதம் ஒருமுறை பச்சைச் சீருடை போட்ட பெண்கள் வீடு வீடாக வருவார்கள். எங்கள் சந்துக்கு வருகிறவர் பிந்து சேச்சி. வாசலில் ஒட்டியிருக்கிற கட்டம் கட்டமான சின்ன அட்டையைப் போனில் படம் பிடிப்பார். அதோடு என் வீட்டுக் குப்பையின் ஜாதகம் எங்கோ ஏறிவிடும். பிளாஸ்டிக் மட்டும் எல்லா மாதமும் எடுப்பார்கள். செருப்புக்கு ஒரு மாதம், கண்ணாடிக்கு ஒரு மாதம், பழைய துணிக்கு ஒரு மாதம், மாத்திரை அட்டைக்கு இன்னொரு மாதம். கண்ணாடி மாதத்தில் நான் ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். சேச்சி செருப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"சாரே, இது எடுக்கான் பற்றில்லா. செருப்புக்கு இனி அடுத்த வருஷம்தான்."

அந்தச் செருப்பு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தது.

பால் கவர் கதை தனி. அழுக்குக் கவரை எடுக்க மாட்டார்கள். கழுவ வேண்டும், காயப்போட வேண்டும், அப்புறம்தான் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஜவுளிக் கடையில் பட்டும் பருத்தியும் பார்த்த கை, இப்போது தினமும் காலையில் இரண்டு பால் கவரை உதறிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிறது. சந்தில் பரோட்டா மாஸ்டர் செல்வம் குடியிருக்கிறான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயசிருக்கும். ஒரு நாள் கொடியை நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணாச்சி, உங்க பனியன விட பால் கவரு வெளுப்பா இருக்கு. அதையே மாட்டிக்கிட்டு கடைக்குப் போலாம்லா?"

செல்வமும் அவனோடு வேலை பார்க்கிற இரண்டு பேரும், சதாசிவன் சாருடைய கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற ஒற்றை ரூமில் இருக்கிறார்கள். சதாசிவன் சார் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்றவர். அந்த ரூமின் சொந்தக்காரரும் அவர்தான். இந்த இரண்டும் ஒரே ஆள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே "நம்ம ஊர் எவ்வளவு தேவலை" என்று பெருமூச்சு விடாதீர்கள். வள்ளியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடை இருந்தது. எல்லாவற்றையும் அதில் கொட்டினோம். தண்ணீர் வந்தால் அது கீழ்த்தெருவுக்குப் போய்விடும். கீழ்த்தெருக்காரனுக்கு என்ன ஆனது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் எங்கள் சுத்தம்.

போன தடவை ஊருக்குப் போனபோது மைத்துனன் கல்யாணப் பந்தியில் வைத்துக் கேட்டான்: "என்ன மாமா, உங்க ஊருக் குப்பைய எல்லாம் லாரியில கொண்டாந்து எங்க ஊர்ல தட்டுதியளாமே?"

உங்க ஊராம்! அவன் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டான். எனக்கு அப்பளம் இறங்கவில்லை. இந்தப் பக்கம் சந்தில் ஒரு பை கிடந்தால் எல்லோர் கண்ணும் தமிழன் வீட்டைத்தான் பார்க்கும். அந்தப் பக்கம் குப்பை லாரி வந்தால் நான் மலையாளி. இங்கே குப்பைக்கு நான் தமிழன், அங்கே குப்பைக்கு நான் மலையாளி. நல்ல காரியத்துக்கு மட்டும் யாரும் என்னை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

3

சமையல் கழிவை யாரும் எடுக்க மாட்டார்கள். அதை வீட்டிலேயே உரமாக்க வேண்டும். அதற்கு ஒரு பச்சை வாளி உண்டு. அடியில் குழாய், மேலே மூடி. ஒரு அடுக்கு கழிவு, ஒரு அடுக்கு தேங்காய் நார்த்தூள். பிந்து சேச்சி வந்து பாடம் எடுத்தார். நார்த்தூளில் வெல்லத் தண்ணியும் மோரும் தெளித்தால் சீக்கிரம் மக்கும் என்றும் சொன்னார். "நனவு கூடருது கேட்டோ" என்றார். ஈரம் அதிகமாகக் கூடாது என்று அர்த்தம்.

சேச்சி சொன்னது மலையாளக் கழிவுக்கு. மீன் முள்ளும் கப்பைக் கிழங்குத் தோலும் சொன்ன பேச்சைக் கேட்கும். நம் வீட்டுக் கழிவு சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, புளித்தண்ணீர். எங்கள் வாளி முதல் வாரத்திலேயே குளமாகிவிட்டது. குழாயைத் திறந்தால் ரசம் வந்தது. நிறத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் பசித்தது, சத்தியமாக.

இருந்தாலும் அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். போன வியாழக்கிழமை மதியம் கோமதி தோசைக்கு அரைத்த மாவில் பல்லி விழுந்துவிட்டது. ஒரு பாத்திரம் நிறைய மாவு. "இதையும் வாளியில போடுங்க" என்றாள். போட்டேன். மேலே வெல்லத் தண்ணி தெளித்தேன். கொஞ்சம் தாராளமாகவே தெளித்தேன். சீக்கிரம் மக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். இறுக்க மூடி, வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அரைத்த மாவுக்கு வெல்லத்தையும் வெயிலையும் கொடுத்தால் என்ன செய்யும் என்பது நம் சனத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்து பார்க்கிறேன், மூடி தரையில் கிடக்கிறது. வாளியிலிருந்து மாவு நார்த்தூளையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் தூக்கிக்கொண்டு, பொங்கல் பானை மாதிரி நாலு பக்கமும் வழிகிறது. அதில் புழுக்கள் உல்லாசமாக மிதக்கின்றன. கோமதி குலவை போடவில்லை. அது ஒன்றுதான் குறை.

"இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும். இல்ல அந்த வாளி இருக்கணும்."

"யோசிச்சு சொல்லுதேன்" என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சொன்னது. அவள் அப்படி நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அத்தனையையும் ஒரு கறுப்புப் பையில் அள்ளிப் போட்டேன். மேலே முந்தின நாள் சாப்பிட்ட வாழை இலைகளைத் திணித்தேன். கட்டி, ஸ்கூட்டரில் காலுக்கடியில் வைத்தேன். சந்து முனையில் காலி மனைக்குப் பக்கத்தில், "நீங்கள் கேமரா கண்காணிப்பில் இருக்கிறீர்கள்" என்ற பலகைக்குக் கீழே அதை இறக்கினேன். அந்தக் கேமரா போன மழையிலிருந்து மாமரத்தைத்தான் கண்காணிக்கிறது. இத்தனை வருஷ அனுபவத்தில் நான் உருப்படியாகத் தெரிந்துவைத்திருந்த விஷயம் அது ஒன்று.

நிமிர்ந்தால் எதிரே செல்வம். வேலைக்குப் போகிறான்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளனயே கெளம்பிட்டிய?"

"பூ வாங்கப் போறேன்ப்பா."

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டான்.

4

ஞாயிற்றுக்கிழமை. பையை நாய் பிய்த்திருந்தது. பிந்து சேச்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வாழை இலை. முருங்கைச் சக்கை. பெயர் சொல்ல முடியாத ஒரு கூழ். இலைக்கு அடியில், பின்பக்கத்தில் மாவுக்கும் அழியாத பேனா எழுத்தோடு நாலு தினசரி காலண்டர் தாள்.

"தமிழ்" என்றார் சதாசிவன் சார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. எல்லாத் தலையும் ஒரே வீச்சில் திரும்பின. என் பக்கம் இல்லை. கார் ஷெட்டுக்கு மேலே.

நான் இருபத்திரண்டு வருஷமாகப் பயந்த பார்வை அது. என்னைத் தாண்டிப் போனது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

சதாசிவன் சார் என் மகளைக் கூப்பிட்டார். நித்யா பிளஸ் டூ படிக்கிறாள். சங்கத்தின் நோட்டீஸை எல்லாம் மலையாளத்தில் எழுதிக்கொடுப்பது அவள்தான். "மோளே, இது ஒண்ணு வாயிச்சே."

அவள் தாள்களை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாது அங்கிள்."

அது உண்மை. இங்கே பிறந்தவள். வீட்டில் என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது. எத்தனையோ கோடை விடுமுறையில் உட்கார்த்திவைத்துப் பார்த்தேன். "அ"வுக்கு அப்புறம் அவள் எழுந்து போய்விடுவாள்.

செல்வத்தை வரச்சொன்னார்கள். அவன் லுங்கியை இறக்கிவிட்டு வந்து நின்றான். "ஞங்க போடல சார்" என்றான் ஒரே ஒரு தடவை.

"ஒண்ணாந்தேதிக்குள்ளே ரூம் காலி பண்ணணும். உங்க ஆளுகளுக்கு எத்தனை பறஞ்சாலும் மனசிலாகில்லா" என்றார் சதாசிவன் சார். எத்தனை சொன்னாலும் புரியாதாம். உடனே என் பக்கம் திரும்பி, தோளில் கைவைத்து, தணிந்த குரலில், "சாரைப் பறஞ்சதல்ல கேட்டோ. சார் ஞங்களுடெ ஆள்" என்றார். உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் எங்கள் ஆள் என்று.

செல்வம் என்னைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் மோசம்.

5

வீட்டுக்கு வந்தேன். பாயசம் ஆறியிருந்தது. நித்யா நாலு தாளையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். கீழே போட்டுவிட்டு வருவாள் என்று நினைத்தேன், எடுத்து வந்திருக்கிறாள்.

"அப்பா, இது உங்க எழுத்து."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே."

"வாயிக்கத் தெரியாது. ஆனா எல்லா எழுத்தும் இடது பக்கம் சாஞ்சு, இப்ப விழும் இப்ப விழும்னு நிக்குது. ஸ்கூல் டயரியில நீங்க போட்ட ஒப்பெல்லாம் இப்படித்தான் நிக்கும்." "செல்வம் அண்ணன் எங்கே போவாங்க?"

நான் ஆறிய பாயசத்தைக் கரண்டியால் கிண்டினேன்.

"எனக்கு நாணக்கேடா இருக்கு அப்பா" என்றாள். வெட்கக்கேடு என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். குப்பையைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் இரண்டு பேரும் சதாசிவன் சார் வீட்டுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே செல்வம் நின்றுகொண்டிருந்தான், படிக்குக் கீழே. பத்து நாள் அவகாசம் கேட்க வந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சார் நாற்காலி போட்டார், சாயா சொன்னார். அவன் நின்றபடியே நின்றான்.

"சார், அந்தப் பை நான் போட்டது."

வழியெல்லாம் மலையாளத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். என் மலையாளம் எப்படி என்றால், தமிழைக் கொஞ்சம் ஜலதோஷத்தோடு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. இருந்தும் இது தெளிவாகத்தான் வந்தது.

சதாசிவன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரின்டெ மனசு எனிக்கு அறியாம்" என்றார். என் மனசு அவருக்குத் தெரியுமாம். தன் ஊர்க்காரனைக் காப்பாற்றப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறேனாம். எவ்வளவு பெரிய மனசாம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எத்தனையோ பொய்யை இந்த மனிதர் நம்பியிருக்கிறார். ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதற்கு ரசீது கேட்கிறார்!

"ஐயோ, நான்தான் சார். எங்க வீட்டு மாவு. பல்லி விழுந்த மாவு."

"சாரே, வேண்டா. நான் இவன்களுக்கு ஒரு வாரம் கூடத் தராம்." இன்னும் ஒரு வாரம் தருகிறேன் என்கிறார்.

நித்யா நாலு தாளையும் என் கையில் கொடுத்தாள். "வாயிங்க அப்பா."

இங்கேதான் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் உங்களுக்கு எழுதுகிற குறிப்புகளை முதலில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதிப் பார்ப்பேன். உள்ளங்கை அளவுத் தாள், ஆறேழு வரிக்கு மேல் கொள்ளாது. என் சரக்கும் அதற்கு மேல் இல்லை. அந்த நாலு தாளும் போன வாரம் உங்களுக்காக ஆரம்பித்து, பிடிக்காமல் கைக்கு எட்டிய வாளியில் போட்டது. காய்ந்த காகிதத்தை ஈர வாளியில் போடக்கூடாது என்பது தனி வழக்கு.

வாசித்தேன். செயலாளர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமாக.

"கேரளத்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? குப்பையைப் பிரித்துக் கொடுப்பது இங்கே சட்டமல்ல, பண்பு. இவர்கள் தங்கள் கழிவை அடுத்தவன் வாசலில் தள்ளுவதில்லை. வீட்டில் உண்டாவதை வீட்டிலேயே உரமாக்குகிறார்கள். நம் ஆட்கள் இதை என்றைக்குப் பழகுவார்களோ! சொல்லக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது: நானும் இப்போது இவர்களில் ஒருவன்."

முதலில் சிரித்தது செல்வம். அடக்கப் பார்த்தான், முடியவில்லை, படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அப்புறம் நித்யா. திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டால் புரியும். சதாசிவன் சார் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்போ சார் தன்னெயா! சாரமில்லா சாரே, சாரமில்லா. ஆர்க்கும் பற்றும்."

அப்போ நீங்கள்தானா, பரவாயில்லை, யாருக்கும் நடக்கிறதுதான் என்று அர்த்தம். சாயா ஆறுவதற்குள் நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன். அபராதத்தை வார்டு ஆபீஸில் கட்டச் சொன்னார், அதையும் சிரித்துக்கொண்டே. அப்புறம்தான் படிக்குக் கீழே ஓர் ஆள் நிற்பது நினைவுக்கு வந்த மாதிரி, "செல்வா, எந்நா நீ இருந்தோ" என்றார். அப்படியானால் நீ இருந்துகொள் என்று. எதையோ தானமாகக் கொடுக்கிற குரல். அவ்வளவுதான்.

"சரி சார்" என்றான் அவன்.

திரும்புகிற வழியில் கேட்டேன், "நீ ஏம்ப்பா சொல்லல? நீதான் என்னைப் பாத்தியே."

"பாத்தேன். பூக்கடை அந்தப் பக்கம் கெடையாதுன்னும் தெரியும். சொன்னா நம்புவானுவளா?"

"மன்னிச்சிரு செல்வம்."

"விடுங்க அண்ணாச்சி. நீங்க போட்டா கைத்தவறு. நாங்க போட்டா பழக்கம். அம்புட்டுதான்."

அவன் மாவு பிசையப் போய்விட்டான்.

6

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். சனியன், முடியவில்லை. சார் சிரித்தது சந்துக்கு எட்டவில்லை, கண் கலங்கியதுதான் எட்டியது; செவ்வாய்க்கிழமைக்குள் சந்து முழுக்க ஒரு பேச்சு. அந்த ஓட்டல் பையன்களுக்காகப் பழியைத் தானே ஏற்றுக்கொண்ட தமிழ் சார் எவ்வளவு தங்கமான மனிதர்! பிந்து சேச்சிகூடக் கழுவாத பால் கவர் ஒன்றைக் கண்டும் காணாமல் எடுத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தப்பு செய்யவும் எனக்கு இங்கே உரிமை இல்லையா? தப்பு செய்ததற்கு மரியாதை கூடுகிற ஒரே மனிதன் இந்த வார்டில் நான்தான்.

புதன்கிழமை நித்யாவை உட்காரவைத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் மலையாளத்தில் எழுதினாள். நாள், நேரம், ஸ்கூட்டர், மாவு, பல்லி, பூக்கடை என்ற பொய், ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். ஒப்பு மட்டும் தமிழில் போட்டேன், இடது பக்கம் சாய்ந்து.

அவள் பேனாவை மூடவில்லை. "செல்வம் அண்ணன் சொன்னது?"

"அது எதுக்கும்மா? சதாசிவன் சார் வருத்தப்படுவார்."

"படட்டும்" என்றாள். கைத்தவறு, பழக்கம் என்று அவன் சொன்னதையே கடைசி வரியாக எழுதினாள். எழுதிவிட்டு, அந்த ஒரு வரி தமிழில் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் அதை மாமரத்தைப் பார்க்கிற கேமராவுக்குக் கீழே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, பால் கவரைக் கொடியில் மாட்டுகிற சாக்கில் நின்று பார்த்தேன். சதாசிவன் சார் நடைப்பயிற்சிக்கு வந்தார். கண்ணாடியை மாட்டினார். பல்லி வருகிற இடத்தில் சிரித்தார், இங்கிருந்தே தோள் குலுங்குவது தெரிந்தது. கடைசி வரிக்கு வந்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை வாசித்தார். சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாரமில்லா" என்று சொல்லவில்லை.

வந்த வழியே திரும்பிப் போய், கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாடிப்படி ஏற ஆரம்பித்தார். முட்டிவலிக்காரர், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார்.

செல்வம் வேலைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மேலே பூட்டுத்தான் தொங்கும். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சாயங்காலம் இன்னொரு தடவை ஏறட்டும்.